கருவியின் கண் கூசும் இடம்: ஒளியிழைச் சோதனை பற்றிய வாசகர் கேள்விகள்

ஒளியிழைக் கேபிள்களைச் சோதிக்கும் ஓடிடிஆர் கருவியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'டெட் ஸோன்' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே இருந்தன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கும், அதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் ஒளி இழப்புக்கும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கேபிள் பணியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஓடிடிஆரை நேரே கேபிளில் மாட்டப் போனபோது எங்கள் மூத்தவர் தடுத்து, 1 கிலோமீட்டர் இழை சுற்றிய ஒரு பெட்டியை இடையில் மாட்டச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "டெட் ஸோன் அதற்குள் போகட்டும்" என்றார். அந்த இடத்தில் கேபிள் பழுதாகியிருக்கிறது என்று பொருளா?

பதில்: இல்லை. டெட் ஸோன் என்பது கேபிளில் உள்ள கோளாறே அன்று. கருவிக்குப் பார்வை இல்லாமல் போகும் ஒரு சிறு தூரம் அது. தமிழில் குருட்டுப் பகுதி என்று சொல்லலாம். அது ஏன் உண்டாகிறது என்பதை அறிய, கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஓடிடிஆர் மிகக் குறுகிய ஒளித்துடிப்பு ஒன்றை, அதாவது நாம் பல்ஸ் என்று சொல்வதை, இழைக்குள் செலுத்திவிட்டுத் திரும்பி வரும் ஒளிக்காகக் காத்திருக்கிறது. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,04,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒன்றிலிருந்து ஒளி திரும்பி வர 10 மைக்ரோ வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இந்த நேரத்தைத் தூரமாக மாற்றித்தான் திரையில் கோடு வரையப்படுகிறது. 1976ஆம் ஆண்டில் பார்னோஸ்கி, ஜென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

திரும்பி வரும் ஒளியில் இரண்டு வகை உண்டு. கண்ணாடிக்குள் இயல்பாகவே இருக்கும் நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகளில் பட்டு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. வானத்துக்கு நீல நிறம் தரும் ராலே சிதறலின் அதே இயல்புதான் இது. அதில் மிகச் சிறு பங்கு பின்னோக்கிக் கருவிக்கே வருகிறது. திரையில் இடமிருந்து வலமாகச் சீராகச் சரிந்து செல்லும் கோடு இந்தப் பின்சிதறலால் ஆனது. மற்றொன்று எதிரொளிப்பு. கண்ணாடி முடிந்து காற்று தொடங்கும் இடத்தில், இழையின் முகம் செங்குத்தாக இருந்தால், வந்த ஒளியில் நூற்றுக்கு 3.5 பங்கு அளவு அப்படியே திரும்பிவிடும். கேட்பதற்குச் சிறிய பங்காகத் தோன்றினாலும் பின்சிதறலோடு ஒப்பிட்டால் அது பல்லாயிரம் மடங்கு.

கருவியின் ஒளியுணரி மிக மெல்லிய பின்சிதறலைப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்டது. அதன்மேல் இவ்வளவு ஒளி ஒரேயடியாக விழுந்தால், நடுப்பகல் வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவர் நிலைதான் அதற்கும். கண் பழகும்வரை அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒளியுணரி மீண்டு வருவதற்கும் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைத் தூரமாக்கினால் அதுவே குருட்டுப் பகுதி. பல்ஸின் அகலமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது, அதைப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மூத்தவரின் பெட்டிக்கு வருவோம். அதற்கு லாஞ்ச் கேபிள் என்று பெயர். கருவியில் இழையை மாட்டும் வாயே வலுவாக எதிரொளிக்கும் ஓர் இடமாதலால், ஒவ்வொரு சோதனையும் ஒரு குருட்டுப் பகுதியோடுதான் தொடங்குகிறது. நேரே கேபிளில் மாட்டினால் கேபிளின் முதல் கனெக்டர் அதற்குள் மறைந்துவிடும். அதுமட்டுமின்றி, ஒரு கனெக்டரின் இழப்பை அளக்க அதற்கு முன்னும் பின்னும் பின்சிதறல் கோடு தேவை. இரண்டு கோடுகளின் உயர வேறுபாடுதான் இழப்பு. முதல் கனெக்டருக்கு 'முன்' என்று ஒன்று கிடையாது. லாஞ்ச் கேபிள் தருவது அந்த 'முன்'னைத்தான். கடைசிக் கனெக்டருக்குப் 'பின்' வேண்டுமென்றால் எதிர்முனையிலும் ஓர் இழைச்சுற்றை மாட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை, வெட்கப்பட்டுக் கற்றேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தில் ஒளி குறைவாக வந்துகொண்டிருந்தது. 1 மைக்ரோ வினாடிப் பல்ஸில், லாஞ்ச் கேபிள் இல்லாமல் ட்ரேஸ், அதாவது திரையில் வரும் அந்தக் கோட்டை, எடுத்தோம். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் கோடு சுத்தமாக இருந்தது. கருவி மேல் இருந்த நம்பிக்கையில் வழியிலுள்ள இணைப்புப் பெட்டிகளை இரண்டு நாள் திறந்து திறந்து மூடினோம். மூன்றாம் நாள் ஒருவர் தற்செயலாக, நாங்கள் கருவியை மாட்டிய அதே ரேக்கின் முதல் கனெக்டரைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வட்டமான வெள்ளை முகத்தின் நடுவே, ஒளி ஓடும் மையமான கருவகத்தின் மேலேயே, விரல் பட்ட எண்ணெய்ப் படலம் பட்டையாக இழுபட்டிருந்தது. உலர்ந்த துடைப்பானில் ஒரே திசையில் இரண்டு முறை இழுத்ததும் 2 டெசிபெலுக்கு மேல் (இந்த அளவைப் பின்னர் விளக்குகிறேன்) ஒளி திரும்பியது. பிறகு பழைய ட்ரேஸை எடுத்துப் பார்த்தபோது, கோடு முழுவதுமே வழக்கத்தைவிடத் தாழ்ந்து ஓடியிருந்தது தெரிந்தது. ஒப்பிடுவதற்கு முன்பகுதி இல்லாததால் எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

கேள்வி: ஒற்றைமுறை (சிங்கிள்மோட்) இழைக்கு 1 கிலோமீட்டர் பெட்டியும் பன்முறை (மல்டிமோட்) இழைக்கு 150 மீட்டர் பெட்டியும் வைத்திருக்கிறோம். எல்லாச் சோதனைக்கும் இவை போதுமா?

பதில்: பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். ஆனால் விதி நீளத்தைப் பற்றியதன்று. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பல்ஸுக்கு எவ்வளவு குருட்டுப் பகுதி உண்டாகுமோ அதைவிட லாஞ்ச் கேபிள் நீளமாக இருக்க வேண்டும். 10 மைக்ரோ வினாடிப் பல்ஸ் திரையில் தான் மட்டுமே 1 கிலோமீட்டரை அடைத்துக்கொள்ளும். அங்கே உங்கள் 1 கிலோமீட்டர் பெட்டி உதவாது.

கேள்வி: நான் மின்னணுவியல் மாணவி. கருவியின் விவரத்தாளில் 'ஈவென்ட் டெட் ஸோன்' 1 மீட்டருக்கும் குறைவு என்றும், 'அட்டெனுவேஷன் டெட் ஸோன்' சில மீட்டர் என்றும் போட்டிருக்கிறது. ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்தால் பத்து, இருபது மீட்டர் வருகிறது. தாளில் உள்ளது பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல முடியாது. மிகச் சாதகமான நிலையில் எடுத்த அளவு என்று சொல்லலாம். முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதிரொளிப்பு ஒன்று திரையில் கூர்முனையாக எழுகிறது. அது தொடங்கும் இடத்திலிருந்து, உச்சியைத் தாண்டி 1.5 டெசிபெல் இறங்கும் இடம்வரை உள்ள தூரம் நிகழ்வுக் குருட்டுப் பகுதி. இதைத் தாண்டி இன்னொரு எதிரொளிப்பு இருந்தால், 'இங்கே வேறொன்றும் இருக்கிறது' என்று கருவியால் சொல்ல முடியும். அதன் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது. கோடு முழுவதுமாக இறங்கி, பின்சிதறல் மட்டத்திலிருந்து 0.5 டெசிபெல் வேறுபாட்டுக்குள் வந்து சேரும்வரை உள்ள தூரம் இழப்புக் குருட்டுப் பகுதி. அடுத்த நிகழ்வு அதற்கும் அப்பால் இருந்தால்தான் அதன் இழப்பைத் தனியே அளக்க இயலும். ஆகவே இரண்டாவது எண் எப்போதும் முதலாவதைவிடப் பெரிது.

ஒரு ரேக்கில் இரண்டு கனெக்டர்கள், நடுவே பேட்ச் கார்டு எனப்படும் 2 மீட்டர் இணைப்பு இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நானோ வினாடிப் பல்ஸில் இரண்டு முனைகள் தனித்தனியே எழுவதைக் காணலாம். ஆனால் முதல் கனெக்டருக்கும் இரண்டாவதற்கும் இடையே கோடு கீழே இறங்கி அமர நேரம் இருக்காது. எனவே இரண்டின் மொத்த இழப்பு மட்டுமே கிடைக்கும், எது எவ்வளவு என்பது கிடைக்காது. பல்ஸை 100 நானோ வினாடிக்கு ஏற்றினால் இரண்டும் ஒரே முனையாகிவிடும். அப்போது அட்டவணையில் 'கனெக்டர் – 1' என்று வரும். புதியவர்கள் அதை நம்பி, அங்கே ஒரே ஒரு கனெக்டர்தான் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள்.

விவரத்தாளின் எண் அக்கருவி தரக்கூடிய மிகக் குறுகிய பல்ஸில், மென்மையாக எதிரொளிக்கும் ஒரு நிகழ்வை வைத்து அளக்கப்படுவது. −45 அல்லது −55 டெசிபெல் எதிரொளிப்பு என்று அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முகம் சரியாக மெருகேற்றப்பட்டு நன்றாகப் பொருந்திய யுபிசி கனெக்டர் ஏறத்தாழ −50 டெசிபெலும், முகத்தை 8 பாகை சாய்த்துத் தேய்த்த ஏபிசி கனெக்டர் −60 டெசிபெலும் தரும். எதனோடும் இணையாமல் காற்றில் திறந்து கிடக்கும் யுபிசி முகமோ −14 டெசிபெல் தரும். உங்கள் ஆய்வக மேசையில் இழையின் கடைசி முனை பெரும்பாலும் அப்படித்தான் திறந்து கிடக்கும். −50க்கும் −14க்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு ஒளி. ஒளியுணரி மீள நேரம் எடுப்பதில் வியப்பில்லை.

பச்சை நிறத் தலை ஏபிசி, நீல நிறத் தலை யுபிசி. ஒன்றை மற்றொன்றில் திணிக்காதீர்கள். சாய்ந்த முகமும் தட்டை முகமும் ஒட்டாமல் நடுவே காற்று நிற்கும், இழப்பும் எதிரொளிப்பும் சேர்ந்தே ஏறும், முகங்களும் கீறப்படலாம்.

கேள்வி: குறுகிய பல்ஸில் குருட்டுப் பகுதி குறைகிறது என்றால், எப்போதும் 5 நானோ வினாடியிலேயே எடுத்துவிட்டால் என்ன?

பதில்: எடுக்கலாம், தொலைவு தெரியாது. பல்ஸ் குறுகும்போது அதில் உள்ள ஒளியின் அளவும் குறைகிறது, பின்சிதறலும் அதே அளவில் மெலிகிறது. சில கிலோமீட்டர் தாண்டியதும் கோடு இரைச்சலில் கரைந்து புல்வெளிபோல் ஆகிவிடும்.

கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது எளிது. திரையில் 10 நானோ வினாடி என்பது 1 மீட்டர், 100 நானோ வினாடி 10 மீட்டர், 1 மைக்ரோ வினாடி 100 மீட்டர். இது பல்ஸின் அகலத்துக்கு மட்டும், ஒளியுணரி மீளும் தூரம் இதற்கு மேல். மறுபுறம், பல்ஸைப் பத்து மடங்கு அகலமாக்கினால் கருவி காணும் ஆழம் ஏறத்தாழ 5 டெசிபெல் கூடும். 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் என்று கொண்டால் அது இன்னும் 25 கிலோமீட்டர்.

அனுபவமுள்ளவர்கள் ஒரே ட்ரேஸில் எல்லாவற்றையும் பிடிக்க முயல்வதில்லை. அகலப் பல்ஸில் ஒன்று எடுத்து முழுத் தடத்தையும் பார்த்துக்கொள்வார்கள். பிறகு குறுகிய பல்ஸில் அண்மைப் பகுதியை மட்டும் எடுப்பார்கள். தொலைமுனையின் நுணுக்கம் வேண்டுமென்றால் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த முனைக்கே போவார்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் குறுக்குவழி இல்லை.

சராசரி எடுக்கும் நேரத்தை நீட்டினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. நீட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் மெதுவாகத்தான் குறையும். நேரத்தை நான்கு மடங்காக்கினால் கிடைப்பது 1.5 டெசிபெல். அரை நிமிடத்தை இரண்டு நிமிடமாக்குவது பயன் தரும், எட்டு நிமிடம் காத்திருப்பது அபூர்வமாகவே பயன் தரும்.

கேள்வி: இந்தத் துறைக்கு வெளியே இருப்பவன் நான். 0.2 டெசிபெல், 2 டெசிபெல் என்கிறீர்கள். ஒளி எங்கே போகிறது? அது பெரிய இழப்பா, சிறிய இழப்பா?

பதில்: டெசிபெல் என்பது விகிதத்தைச் சொல்லும் முறை. 3 டெசிபெல் போனால் ஒளி பாதியாகும், 10 போனால் பத்தில் ஒன்று, 20 போனால் நூற்றில் ஒன்று. இழப்புகளைப் பெருக்கிக்கொண்டிருக்காமல் கூட்டினாலே போதும் என்பதுதான் இதன் வசதி.

போகும் ஒளியில் பெரும்பங்கு, மேலே சொன்ன ராலே சிதறலில் போகிறது. அலைநீளம் கூடக்கூட அது வெகுவாகக் குறையும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவில் இருக்கும் இழப்பு 1550இல் 0.2 அளவுக்கு இறங்குவதற்கு அதுவே காரணம். கண்ணாடியில் எஞ்சிய ஈரத்தின் தடயம் 1383 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும், அது பழைய இழைகளின் தொல்லை. மீதி இழப்பு மனிதக் கைகளால் வருவது: வளைவு, தூசு, சரியாகச் சேராத இணைப்பு. ஒற்றைமுறை இழையின் கருவகம் 9 மைக்ரோமீட்டர் அளவே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதை மறைக்கப் போதும்.

சிறியதா என்று கேட்டீர்கள். 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்ஹாமும் கண்ணாடி இழையின் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்குப் பயன்படும் என்று எழுதினார்கள். அன்றைய கண்ணாடிகளின் இழப்பு ஆயிரம் டெசிபெல் அளவில் இருந்தது. 1970இல் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் அந்த 20 டெசிபெல் எல்லையைக் கடந்தார்கள். காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று 1 கிலோமீட்டரில் இழக்க அனுமதித்த ஒளியை இன்றைய இழை 100 கிலோமீட்டரில்தான் இழக்கிறது. அப்படிப்பட்ட இழையில் ஓர் அழுக்கான கனெக்டர் 2 டெசிபெல் தின்றால், அது 10 கிலோமீட்டர் கண்ணாடியைத் தின்றதற்குச் சமம்.

கேள்வி: 3.2 கிலோமீட்டர் தடத்தில் ஓடிடிஆர் 1.17 டெசிபெல் காட்டுகிறது. பவர் மீட்டரில் 1.8 வருகிறது. அலைநீளம் இரண்டிலும் 1310. ஒப்பந்ததாரர் சிறிய எண்ணை எழுதச் சொல்கிறார். எதை எழுதுவது?

பதில்: 1.8ஐ எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் லாஞ்ச் கேபிள் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதிலிருந்தே காரணத்தை ஊகிக்க முடிகிறது. 3.2 கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.12, நடுவே உள்ள ஒரு ஸ்ப்ளைஸுக்கு, அதாவது இரு இழைகளை ஒட்டிய இடத்துக்கு, 0.05, ஆக 1.17. உங்கள் ஓடிடிஆர் கண்டது இவ்வளவுதான். இரு முனைகளிலும் உள்ள கனெக்டர்களுக்கு ஆளுக்கு 0.3 வைத்தால் மீதி 0.6 வந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருப்பது குருட்டுப் பகுதிக்குள் மறைந்திருக்கிறது, கடைசியில் இருப்பதற்குப் பின்னால் கோடே இல்லை. இரண்டும் கருவியின் கணக்கில் சேரவேயில்லை, ஆனால் நாளை ஓடப்போகும் ஒளி அவை இரண்டையும் கடந்தாக வேண்டும்.

ஒளிமூலமும் பவர் மீட்டரும் தருவது, உண்மையில் மறுமுனைக்கு வந்து சேர்ந்த ஒளியின் அளவு. ஓடிடிஆர் தருவது, ஒரு முனையில் நின்றுகொண்டு திரும்பி வந்த ஒளியைப் பார்த்துச் செய்த அனுமானம். எவ்வளவு போயிற்று என்பதற்கு முன்னதும், எங்கே போயிற்று என்பதற்குப் பின்னதும் ஏற்றவை.

பவர் மீட்டரிலும் ஒரு கவனம் தேவை. ஒப்பு அளவை, அதாவது தடத்தை மாட்டும் முன் எடுக்கும் அடிப்படை அளவை, எடுத்த பிறகு, ஒளிமூலத்தில் மாட்டிய பேட்ச் கார்டை அந்த முனையில் கழற்றவே கூடாது. கழற்றி மாட்டினால் எடுத்த ஒப்பு அளவு செல்லாது. சோதனையில் இழப்புக்குப் பதிலாக ஆதாயம் வந்தால், அழுக்கான கார்டை வைத்து ஒப்பு அளவு எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: எங்கள் ட்ரேஸில் ஒரு ஸ்ப்ளைஸ் 0.15 டெசிபெல் ஆதாயம் காட்டுகிறது. ஒட்டிய இடத்தில் ஒளி எப்படிக் கூடும்?

பதில்: கூடாது. ஒட்டப்பட்ட இரண்டு இழைகளிலும் ஒளி பரவியிருக்கும் விட்டம் சற்றே வேறுபட்டிருக்கிறது. இரண்டாவது இழை பின்சிதறலை அதிகமாகப் பிடித்து அனுப்பினால், ஒட்டிய இடத்துக்குப் பின் கோடு மேலே எழும். கருவி அதை ஆதாயம் என்று படிக்கிறது. எதிர்முனையிலிருந்து எடுத்துப் பாருங்கள், அதே ஸ்ப்ளைஸ் பெரிய இழப்பாகத் தெரியும். அங்கே 0.35 வந்தது என்றால், 0.35இலிருந்து 0.15ஐக் கழித்துப் பாதியாக்கினால் 0.10. அதுவே உண்மையான இழப்பு. ஒரு திசை ட்ரேஸை மட்டும் நம்பி நல்ல ஸ்ப்ளைஸை வெட்டி மறுபடி மறுபடி ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 1310இல் கோடு ஒழுங்காக இருக்கிறது. 1550இல் 12.4 கிலோமீட்டரில் 0.6 டெசிபெல் படி இறங்குகிறது. எதிரொளிப்பு முனை இல்லை. என்ன கோளாறு?

பதில்: இழை எங்கோ இறுக்கமாக வளைந்திருக்கிறது. அந்தத் தூரத்தில் இணைப்புப் பெட்டி இருந்தால் முதலில் அதன் தட்டைத் திறந்து பாருங்கள். நீண்ட அலைநீளத்தின் ஒளி கருவகத்துக்கு வெளியே கூடுதலாகப் பரவி நிற்பதால் வளைவில் எளிதாக நழுவிவிடும். 1625இல் எடுத்தால் படி இன்னும் ஆழமாகத் தெரியும். ஒரே இடத்தில் இரண்டு அலைநீளங்களிலும் ஏறத்தாழச் சமமாக இழப்பு வந்தால்தான் ஸ்ப்ளைஸைச் சந்தேகிக்க வேண்டும்.

தட்டில் பெரும்பாலும் காண்பது இதுதான்: சுற்றி வைத்த இழையில் ஒன்று மட்டும் மூடியின் கீலுக்கும் விளிம்புக்கும் நடுவே சிக்கி, நகம் அளவுக்கு மடங்கி நிற்கும். விரலால் மெல்லத் தூக்கி வட்டத்துக்குள் விட்டால், மறுமுனையில் கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தொலைபேசியில் "போதும், வந்துவிட்டது" என்பார். வழக்கமான ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாத வட்டம் பாதுகாப்பானது. வளைவைத் தாங்குவதற்கென்றே வந்த ஜி.657 வகைகள் 10 அல்லது 7.5 மில்லிமீட்டர் ஆரம்வரை ஏற்கும்.

கேள்வி: 1.2 கிலோமீட்டரில் கனெக்டர் இருக்கிறது. 2.4 கிலோமீட்டரிலும் ஒரு முனை வருகிறது. வரைபடத்தில் அங்கே எதுவும் இல்லை.

பதில்: அங்கே எதுவும் இல்லைதான். 1.2இல் எதிரொளித்து வந்த ஒளி கருவியின் வாயில் மோதி, மறுபடி 1.2 வரை சென்று திரும்பியிருக்கிறது. இதைப் பேய் முனை என்பார்கள். சரியாக இருமடங்கு தூரத்தில் வருவதும், அந்த இடத்தில் கோட்டில் இழப்புப் படி இல்லாமலிருப்பதும் அடையாளங்கள். 1.2இல் உள்ள கனெக்டரையும் கருவியின் வாயையும் துடைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: வீட்டு ஃபைபர் இணைப்பு பழுதானபோது வந்தவர் நிலையத்திலிருந்து சோதிக்காமல் என் வீட்டுச் சுவரில் உள்ள பெட்டியிலிருந்து சோதித்தார். அது முறைதானா?

பதில்: முறைதான். வீட்டு இணைப்புகளில் ஒரே இழை நடுவழியில் ஸ்ப்ளிட்டர் மூலம் 32 கிளைகளாகப் பிரிவதுண்டு. ஒளி 32 பங்காவதால் மட்டுமே 15 டெசிபெல் போய்விடும். நிலையத்திலிருந்து பார்த்தால் ஸ்ப்ளிட்டருக்குப் பின் 32 கிளைகளின் பின்சிதறலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் உங்கள் கிளையில் உள்ள முறிவைப் பிரித்தறிவது மிகக் கடினம். வீட்டிலிருந்து பார்த்தால் ஸ்ப்ளிட்டர்வரை ஒரே பாதை. மற்ற வீடுகளின் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டியிருப்பதால், அவற்றில் குறுக்கிடாத 1625 அல்லது 1650 நானோமீட்டர் ஒளியை, வடிகட்டி உள்ள கருவியில் பயன்படுத்துவார்கள்.

கேள்வி: முறிவு 8.2 கிலோமீட்டரில் என்று கருவி காட்டியது. தடத்தில் 8.2 கிலோமீட்டரை அளந்து தோண்டினோம். கேபிள் நன்றாக இருந்தது. கருவி பழுதா?

பதில்: கருவி அளப்பது இழையின் நீளத்தை, நீங்கள் அளந்தது மண்ணின் நீளத்தை. இழுவிசை படாமலிருக்க இழை கேபிளுக்குள் சற்று முறுக்கித் தளர்வாகவே வைக்கப்படுகிறது. கேபிளின் வகையைப் பொறுத்து உறையைவிட இழை நூற்றுக்கு ஒன்றிரண்டு மீட்டர் நீளமாக இருக்கும். 1 விழுக்காடே என்றாலும் 8.2 கிலோமீட்டரில் அது 82 மீட்டர். ஒவ்வோர் இணைப்புப் பெட்டியிலும் சுருட்டி வைத்த உபரிக் கேபிளும் கணக்கில் சேரும். கருவியில் இட்ட ஒளிவிலகல் எண் 1.468க்குப் பதில் 1.458 என்றிருந்தால் இன்னும் 56 மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே முறிவு நீங்கள் தோண்டிய இடத்துக்கு முன்னால், தொடக்க முனையின் பக்கமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

தொடக்கத்திலிருந்து அளப்பதை விட்டுவிடுங்கள். ட்ரேஸில் முறிவுக்கு மிக அருகே எந்த ஸ்ப்ளைஸ் தெரிகிறது என்று பாருங்கள். அது 7.9இல் இருந்து, எந்தப் பெட்டி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பெட்டியின் மேல் நின்று, உள்ளே சுருட்டிய உபரி நீளத்தைக் கழித்துக்கொண்டு, மீதித் தூரத்தை மட்டும் அளந்து போங்கள். 300 மீட்டரில் 1 விழுக்காடு என்பது 3 மீட்டர்தான், மண்வெட்டிக்கு அந்தப் பிழை பொறுக்கும்.